நாகமும் துத்தமும்: வாய்ப்புண் மருந்தொன்றின் பெயர் வரலாறு

மட்டக்களப்பு வாவி தெற்கு நோக்கி நீண்டு ஒடுங்கும் எல்லைக்கு அண்மையில், வயல்கள் சூழ அமைந்த ஊர் சம்மாந்துறை. சம்பான் எனப்பட்ட மரக்கலங்கள் வந்து தங்கிய துறையாதலால் ‘சம்பான்துறை’ எனப் பெயர்பெற்று, அப்பெயரே பின்னர் சம்மாந்துறை என மருவிற்று என்பது வழிவழியாகக் கூறப்பட்டுவரும் விளக்கமாகும். போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுள் ஒரு பகுதியினரை 1626ஆம் ஆண்டளவில் மட்டக்களப்புப் பிரதேசத்தில் குடியமர்த்தினான் என்பர் வரலாற்றாசிரியர். உழவையே பெருந்தொழிலாகக் கொண்ட இப்பிரதேச மக்கள் கடல்வழி வந்த பண்டங்களையும், அவற்றோடு வந்த சொற்களையும் தம் வாழ்வோடு இணைத்துக் கொண்டனர். மருந்துகளின் பெயர்கள் அச்சொற்களுள் அடங்கும்.

கிழக்கிலங்கையின் இக்கரையோரப் பகுதியில் ஒன்றுக்கு மேற்பட்ட மருத்துவ மரபுகள் அருகருகே வழங்கி வந்துள்ளன. தமிழ் வாகடங்களைப் பின்பற்றிய பரிசாரிமாரின் மருத்துவம் ஒன்று. அறபு, பாரசீக நூல்களின் வழிவந்த யூனானி மருத்துவம் மற்றொன்று. மேற்கே வாழும் சிங்கள மக்களிடையே ஆயுர்வேதமும் தேசிய வைத்தியமும் நிலைபெற்றிருந்தன. ஆங்கிலேயர் காலத்தில் இவற்றோடு மேனாட்டு மருத்துவமும் வந்து சேர்ந்தது. 1961ஆம் ஆண்டிலே அம்பாறை தனி மாவட்டமாக வகுக்கப்பட்டது. அதே ஆண்டிலே நிறைவேற்றப்பட்ட 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம், ஆயுர்வேதம் என்ற ஒரு சொல்லினுள் சித்தம், யூனானி, தேசிய வைத்தியம் ஆகியவற்றையும் அடக்கிற்று. சட்டத்தின் தேவைக்கு அது பொருந்துவதாகும். ஆயினும், ஒரு சொல்லினுள் அடங்கிய இம்மரபுகள் தத்தம் மருந்துகளை ஒரே சொல்லால் வழங்கவில்லை. ஒரே சொல்லை வழங்கியபோதும் ஒரே பொருளைக் குறிக்கவில்லை.

இவ்வுண்மையைத் தெளிவுபடுத்துவதற்கு மிகச் சிறியதொரு நோயையும் அதற்குப் பூசப்பட்ட மருந்தொன்றையும் எடுத்துக்கொள்ளலாம். அந்நோய் அடிக்கடி தோன்றி மறையும் வாய்ப்புண். அம்மருந்து தமிழில் துத்தநாகம் என்றும், இலங்கைப் பாடநூல்களில் நாகம் என்றும் வழங்கும் உலோகத்தின் உப்பு. இவ்விரண்டின் வரலாற்றையும் நோக்கி, மருந்துப் பெயர்களின் வரலாறு மருத்துவத்திற்கு எத்துணை இன்றியமையாதது என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயும் அதன் பெயர்களும்

உதட்டின் உட்புறத்திலோ கன்னத்தின் உட்புறத்திலோ நாவின் ஓரத்திலோ சிறு வட்டமாக ஒரு புண் தோன்றுகின்றது. நடுவே வெளிர்மஞ்சள் நிறமும், சுற்றிலும் செந்நிற விளிம்பும் கொண்ட அப்புண் உப்பும் உறைப்பும் பட்டவுடன் எரிகின்றது. ஏழு நாட்களிலோ பதினான்கு நாட்களிலோ தழும்பின்றி ஆறுகின்றது. சில கிழமைகளோ மாதங்களோ கழிந்தபின் வேறோர் இடத்தில் மீண்டும் தோன்றுகின்றது. உலக மக்களுள் ஏறத்தாழ ஐவருக்கு ஒருவர் தம் வாழ்வில் எப்போதாவது இந்நோயை அனுபவிப்பதாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன. உயிருக்கு ஊறு செய்யாத இந்நோய், உண்பதையும் பேசுவதையும் துன்பமாக்குகின்றது.

கிரேக்க மருத்துவ நூல்கள் வாயில் தோன்றும் புண்களை ‘அப்தாய்’ என்றன. அறபு மருத்துவர் அவற்றைக் ‘குலாஃ’ என்ற பெயரால் வழங்கினர். தமிழில் வாய்ப்புண், வாய்வேக்காடு, அக்கரம் முதலிய பெயர்கள் உண்டு. இப்பெயர்கள் யாவும் ஒரே நோயைக் குறிப்பன என எண்ணுதல் தவறாகும். குழந்தையின் வாயில் பூஞ்சணத்தால் படரும் வெண்படலமும், கூரிய பல் உராய்வதால் தோன்றும் காயமும், சுண்ணாம்பு மிகுந்த வெற்றிலை சுட்ட புண்ணும், மேலே கூறப்பட்ட மீள்வரும் புண்ணும் பொதுவழக்கில் வாய்ப்புண் என்ற ஒரு பெயரையே பெற்றன.

மீள்வரும் வாய்ப்புண்ணை ஏனையவற்றிலிருந்து பிரித்தறியும் முயற்சி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே உறுதி பெற்றது. அக்காலத்தில் ஐரோப்பிய அறுவை மருத்துவரான மிக்குலிச் அதனைத் தனியாக விவரித்தார். 1937ஆம் ஆண்டில் இஸ்தான்புல் நகரைச் சேர்ந்த தோல்நோய் மருத்துவர் ஹுலுசி பெஹ்செத், வாய்ப்புண்ணோடு கண்ணழற்சியும் மறைவிடப் புண்ணும் சேர்ந்துவரும் வேறொரு நோயை எடுத்துக்காட்டினார். துருக்கி முதல் சீனம் வரையுள்ள பழைய பட்டு வணிகப் பாதையை ஒட்டிய நாடுகளில் அது மிகுதியாகக் காணப்படுகின்றது. மேற்பார்வைக்கு ஒன்றாகத் தோன்றும் புண்களின் பின்னே வெவ்வேறு நோய்கள் நிற்கலாம் என்பது இதனால் புலனாயிற்று. ஆயினும், மீள்வரும் சாதாரண வாய்ப்புண்ணின் அடிப்படைக் காரணம் இன்றும் முற்றாகத் துணியப்படவில்லை. குடும்ப வழி, மனநெருக்கடி, சிறு காயம், இரும்புச்சத்து, போலிக்கமிலம், உயிர்ச்சத்து பி12 ஆகியவற்றின் குறைபாடு என்பன அதனைத் தூண்டும் ஏதுக்களாகக் கூறப்படுகின்றன.

துவர்ப்பு என்னும் பொது அறிவு

காரணம் அறியப்படாத நோய்க்கும் மருந்து தேடாமல் மனிதர் இருந்ததில்லை. வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளிக் கீரையை உண்பது தமிழ்மக்கள் பலரும் அறிந்த வீட்டு வைத்தியமாகும். சீனக்காரத்தை நீரிற் கரைத்துக் கொப்பளிப்பதும், மாசிக்காயை இழைத்துப் பூசுவதும், பொரித்த வெங்காரத்தைத் தேனிற் குழைத்துத் தடவுவதும் நாட்டு மருத்துவத்தில் வழங்கி வந்தவை. யூனானி மருத்துவர் வாய்ப்புண்ணின் மீது தூவும் நுண்பொடிகளை ‘ஸரூர்’ என்ற வகையில் அடக்கினர். ஆங்கில மருந்துச்சாலைகளிலும் வெங்காரம் கலந்த கிளிசரின் நெடுங்காலம் விற்கப்பட்டது.

இவற்றுட் சீனக்காரம், மாசிக்காய் போன்றவை துவர்ப்புடையவை. துவர்ப்புப் பொருள் ஈரமான புண்ணின் மேற்பரப்பிலுள்ள புரதத்தைத் திரளச் செய்து மெல்லிய படலம் ஒன்றைத் தோற்றுவிக்கின்றது. அப்படலம் நீர்க்கசிவைக் குறைத்து, உணவும் உமிழ்நீரும் நரம்பு முனைகளை நேரே தாக்காதவாறு காக்கின்றது. இவ்விளக்கம் பிற்காலத்து இரசாயனவியலுக்கு உரியது. ஆயின் துவர்ப்பது புண்ணை உலர்த்தும் என்ற அனுபவ அறிவு, மொழியையும் மதத்தையும் கடந்து எல்லா மருத்துவ மரபுகளுக்கும் பொதுவாக இருந்தது.

அனுபவ அறிவுக்கும் எல்லை உண்டு. தேனும் வெங்காரமும் கலந்து குழந்தைகளுக்குக் கொடுத்ததனால் வலிப்பு ஏற்பட்டமையை இருபதாம் நூற்றாண்டின் மருத்துவ ஏடுகள் பதிவு செய்தன. அதன் பின்னர் அவ்வழக்கம் கைவிடப்பட்டது. பழமை ஒன்றே ஒரு மருந்தின் தீங்கின்மைக்குச் சான்றாகாது என்பதற்கு இஃதோர் உதாரணமாகும். துவர்ப்புப் பொருள்களின் இவ்வரிசையிலேயே துத்தம் என்பதும் இடம்பெறுகின்றது.

துத்தம்: ஒரு சொல்லின் கடற்பயணம்

துத்தம் என்னும் சொல் தமிழில் ஒரு பொருளையன்றி ஒரு வகையையே குறித்தது. நீலநிறம் கொண்ட மயில்துத்தம் செம்பின் உப்பாகும். வெண்ணிறம் கொண்ட வெள்ளைத்துத்தம் துத்தநாகத்தின் உப்பாகும்; பால்துத்தம் என்பதும் அதன் பெயரே. இன்றைய இரசாயனவியல் முன்னதைச் செப்புச் சல்பேற்று என்றும், பின்னதை நாக சல்பேற்று என்றும் வழங்கும். இரண்டும் துவர்ப்புடையன, இரண்டும் நீரிற் கரைவன. ஆனால் மயில்துத்தம் விழுங்கப்பட்டால் வயிற்றையும் ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும் நஞ்சாகும். மருந்துக்கடையில் ‘துத்தம்’ என்று மட்டும் கேட்பவர் எதனைப் பெறுவார் என்பது, முன்னொட்டாக வரும் ஒரு நிறப்பெயரிலேயே தங்கியிருந்தது.

வடமொழியில் ‘துத்த’ என்பது பெரும்பாலும் செம்பின் நீல உப்பையே குறித்தது. அறபு, பாரசீக மொழிகளில் ‘தூதியா’ என்பது முதன்மையாக நாக ஒட்சைட்டைக் குறித்தது. கனிமத்தை உலையில் இட்டு எரிக்கையில் மேலெழும் புகை குளிர்ந்து படியும் வெண்தூளே தூதியா. பதின்மூன்றாம் நூற்றாண்டிற் பாரசீகத்தின் ஊடாகச் சென்ற மார்க்கோ போலோ, அங்கு உலையின்மேல் இரும்புக் கம்பிவலை அமைத்து அதிற் படிந்த புகையைச் சேர்த்துத் தூதியா தயாரித்த முறையை விவரித்துள்ளார். இப்னு சீனா முதலிய மருத்துவர் கண்நோய்க்கும் புண்களை உலர்த்துவதற்கும் தூதியாவைப் பயன்படுத்தினர். இச்சொல் வடமொழித் ‘துத்த’ என்பதிலிருந்து வந்ததெனச் சிலரும், புகையைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்ததெனச் சிலரும் கருதுவர். எவ்வாறாயினும், இந்துமாக்கடலின் இரு கரைகளிலும் ஒலியால் ஒத்த இரு சொற்கள் வழங்கின. ஒன்று செம்பை நோக்கியும் மற்றொன்று நாகத்தை நோக்கியும் சாய்ந்தது. இவ்விரு பொருள்களையும் நிற அடை கொண்டு பிரித்து வைத்துக்கொண்டது தமிழ் வழக்கு.

பதினாறாம் நூற்றாண்டின் பின் ஐரோப்பியர் இச்சொல்லைத் தம் கணக்கேடுகளில் ஏற்றினர். சீனத்திலிருந்து வந்த நாகப் பாளங்களைப் போர்த்துக்கேயர் ‘தூத்தனாகா’ என்றனர். ஆங்கிலேயர் ‘தூத்தனேக்’ என்றனர். தமிழ், கன்னடம், மராத்தி முதலிய மொழிகளில் வழங்கிய துத்தநாகம் என்ற சொல்லின் திரிபாக இதனைக் கருதுவோர் பலர். 1745ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் சுவீடன் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பலொன்று சீனத்திலிருந்து திரும்பி, தாய்த் துறைமுகமான யோத்தபோரியின் வாயிலிலேயே பாறையில் மோதி மூழ்கியது. அதன் சரக்கில் தேயிலை, பீங்கான், பட்டு ஆகியவற்றோடு இவ்வுலோகமும் இருந்தது. தென்னாசியக் கரையின் சொல்லொன்று வடகடற் கப்பலின் சரக்குப் பட்டியல் வரை சென்றிருந்தமை வணிக வரலாற்றில் நினைவுகூரத்தக்கது.

உலோகம் பிறந்த கதை

நாகத்தின் உப்பும் ஒட்சைட்டும் பழங்காலத்திலேயே பயன்பட்டிருப்பினும், உலோகமாகிய நாகத்தைப் பிரித்தெடுத்தல் எளிதாக இருக்கவில்லை. கனிமம் கரியோடு சேர்ந்து உலோகமாக மாறுவதற்கு வேண்டிய வெப்பம், அவ்வுலோகத்தின் கொதிநிலையாகிய 907 பாகை செல்சியசிலும் உயர்ந்தது. எனவே, பிறந்த உலோகம் உலையிலேயே ஆவியாகிக் காற்றோடு கலந்து மீண்டும் வெண்தூளாகிவிடுகின்றது. இத்தடையைக் கடக்கும் வழியை இந்தியாவின் இராஜஸ்தானிலுள்ள ஜாவர் என்னும் இடத்துத் தொழிலாளர் கண்டனர்.

கத்தரிக்காய் வடிவான மண்மூசைகளிற் கனிமத்தை அடைத்து, அவற்றைத் தலைகீழாக உலையில் வைத்து, ஆவியைக் கீழ்நோக்கிச் செலுத்திக் குளிர்வித்தனர். ஓர் உலையில் 36 மூசைகள் அடுக்கப்பட்டன. 1980களில் பரோடாப் பல்கலைக்கழகமும் பிரித்தானிய அருங்காட்சியகமும் இந்துஸ்தான் சிங்க் நிறுவனமும் இணைந்து நிகழ்த்திய ஆய்வு இவ்வுலைகளை வெளிக்கொணர்ந்தது. வடமொழி இரசவாத நூலாகிய ‘இரசரத்ன சமுச்சயம்’ கூறும் கத்தரி வடிவ மூசை கற்பனையன்று என்பதும் அவ்வாய்வால் உறுதியாயிற்று. ஐரோப்பாவில் வில்லியம் சம்பியன் என்பவர் 1738இல் இத்தகையதொரு முறைக்கு உரிமை பெற்றார். 1746இல் மார்க்கிராவ் என்ற ஜேர்மனிய இரசாயனவியலாளர் நாகம் தனித்ததோர் உலோகம் என்பதைத் தெளிவாக நிறுவினார். இந்தியத் தொழிலாளரின் அறிவு இதற்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது.

ஒரு பெயர், இரு உலோகங்கள்

புதிதாகப் பிறந்த இவ்வுலோகத்திற்குப் பெயரிடுவதில் மருத்துவ மரபுகள் வேறுபட்டமையே இவ்வரலாற்றின் முக்கியமான பகுதியாகும். வடமொழி ஆயுர்வேத இரசநூல்களில் ‘நாக’ என்ற சொல் ஈயத்தைக் குறிக்கும். துத்தநாகத்தை அவை ‘யசத’ என்கின்றன. தமிழ்ச் சித்த மருத்துவத்திலோ ‘நாகம்’ என்பது துத்தநாகத்தையே குறிக்கும். ஈயம் காரீயம் எனப்படும். இதனால் ஆயுர்வேதத்தின் நாக பஸ்மம் ஈயத்தை எரித்துச் செய்த மருந்தாகவும், சித்த மருத்துவத்தின் நாகபற்பம் துத்தநாகத்தை நீற்றிச் செய்த மருந்தாகவும் அமைந்தன. பஸ்மம், பற்பம் என்பன ஒரே சொல்லின் இரு வடிவங்கள். எழுத்தளவில் நோக்குமிடத்து இரு மருந்துகளின் பெயரும் ஒன்றே. பொருளளவில் ஒன்று உடலுக்குச் சிறிதளவில் இன்றியமையாத உலோகத்திலிருந்தும், மற்றொன்று எவ்வளவு சிறிதாயினும் உடலுக்குப் பயன்படாத நச்சு உலோகத்திலிருந்தும் செய்யப்பட்டது.

தமிழ் நிகண்டு மரபிலும் நாகம் என்பது பாம்பு, யானை, வானுலகம், மரவகை, உலோகம் எனப் பல பொருள்களை ஏற்ற சொல்லாகும். செய்யுளிற் பல பொருள் தருதல் சொல்லுக்கு அழகு. மருந்துக் குறிப்பில் அதுவே அபாயம். வடமொழி நூலொன்றிலிருந்து நாகம் என்ற சொல்லை அப்படியே எடுத்துத் தமிழ் வாகடத்தில் எழுதும் ஒருவர், ஈயத்தை நாகமாக்கிவிட இடமுண்டு. தமிழ் ஏட்டிலிருந்து சிங்களத்துக்கோ வடமொழிக்கோ பெயர்ப்பவர் நாகத்தை ஈயமாக்கிவிடவும் இடமுண்டு.

இலங்கையில் இச்சிக்கல் மேலும் ஒரு படி கூடியது. தமிழ்மொழிப் பாடசாலை விஞ்ஞான நூல்கள் துத்தநாகத்தை நாகம் என்றே கற்பிக்கின்றன. சிங்கள மொழியோ ‘துத்தநாகம்’ என்ற முழுச் சொல்லையே தன் வழக்கில் வைத்துள்ளது. அதேவேளை சிங்கள ஆயுர்வேத நூல்களுக்கு மூலமான வடமொழி வழக்கில் நாக என்பது ஈயமாகும். தமிழும் சிங்களமும் வழங்கும் அம்பாறை போன்றதொரு மாவட்டத்திலே, ஒருவர் மாணவனாகக் கற்ற நாகமும், அவர் நோயாளியாக வாங்கும் மருந்துப் பொட்டலத்தின் நாகமும் வேறாக இருத்தல் கூடும். மரபு மருத்துவம் நல்லதா தீயதா என்ற வழக்கமான விவாதம் இவ்விடத்தை அணுகுவதில்லை. எந்த நூலின் எந்தச் சொல் எந்தப் பொருளைக் குறிக்கின்றது என்பதே இங்கு முதற் கேள்வி.

இதன் முக்கியத்துவத்தை முன்னரே உணர்ந்தோர் இருந்தனர். 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயைத் தளமாகக் கொண்டு பணியாற்றிய அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் கிறீன், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவரும் அவருடைய மாணவர்களும் உடற்கூறு, அறுவை மருத்துவம், மகப்பேறு முதலிய துறைகளில் நூல்களைப் பெயர்த்தனர். அவ்வரிசையில் ‘கெமிஸ்தம்’ என்னும் இரசாயன நூல் 1875இல் வெளிவந்தது. மருத்துவம் மொழிபெயர்க்கப்படும்போது முதலிற் செப்பம் செய்யப்படவேண்டியது கலைச்சொல்லே என்ற கொள்கை அவர்தம் பணியில் வெளிப்படுகின்றது.

உள்ளே கொடுத்தலும் மேலே பூசுதலும்

பெயர்ச் சிக்கல் நீங்கி நாகம் இன்னதென அறியப்பட்ட பின்னரும், அது வாய்ப்புண்ணுக்கு உண்மையிற் பயன்படுமா என்ற கேள்வி எஞ்சுகின்றது. நாகக் குறைபாடு மனிதருக்கு ஏற்படும் என்பதே 1961ஆம் ஆண்டின் பின்னர்தான் ஆராயப்படத் தொடங்கிற்று. பீகாரிற் பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாத், ஈரானின் ஷிராஸ் நகரில் வளர்ச்சி குன்றிய இளைஞர் சிலரை ஆராய்ந்தார். இருபது வயதைக் கடந்தும் சிறுவர் போலத் தோன்றிய அவர்கள் பெரும்பாலும் ரொட்டியையே உண்டு, மண்ணையும் தின்றனர். தானியத் தவிட்டிலுள்ள பைற்றேற்று என்னும் பொருள் நாகத்தைப் பற்றிக்கொண்டு உடல் அதனை உறிஞ்சாதவாறு தடுக்கின்றது. அவர் பின்னர் எகிப்தில் நிகழ்த்திய ஆய்வுகள் இக்குறைபாட்டை உறுதி செய்தன. ஐக்கிய அமெரிக்கா 1974இல் நாளொன்றுக்கு வேண்டிய நாகத்தின் அளவை முதன்முறையாக விதித்தது.

1967ஆம் ஆண்டிற் போரிஸ் என்ற அறுவை மருத்துவரும் அவர் குழுவினரும் அமெரிக்க விமானப்படை இளைஞர் 20 பேரின் அறுவைப் புண்களை ஒப்பிட்டனர். நாக சல்பேற்று உட்கொண்டோரின் புண்கள் ஏறத்தாழ 46 நாட்களிலும், உட்கொள்ளாதோரின் புண்கள் ஏறத்தாழ 80 நாட்களிலும் ஆறின. இம்முடிவு மருத்துவ உலகிற் பெரும் எதிர்பார்ப்பை எழுப்பிற்று. 1977இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநில ஆய்வாளர், மீள்வரும் வாய்ப்புண்ணுக்கும் நாக சல்பேற்று பயன்படலாம் என எழுதினர். ஆயின் 1982இல் டேவிட் ரே என்பவர், மருந்து பெறுவோர் யார், வெற்று மாத்திரை பெறுவோர் யார் என்பதை இருதரப்பாரும் அறியாவகையில் நிகழ்த்திய ஆய்வில் அத்தகைய பயன் காணப்படவில்லை. 2012இல் வெளிவந்த கொக்ரேன் மீளாய்வு, வாய்ப்புண்ணுக்கு உட்கொள்ளும் மருந்துகள் பற்றிய 25 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, எந்தவொரு மருந்தையும் உறுதியாக விதந்துரைக்கப் போதிய சான்றில்லை என முடித்தது.

மேலே பூசும் நாகத்தின் நிலை வேறு. புண்ணில் ஒட்டிக்கொள்ளும் நாக வில்லைகளும், நாகம் கலந்த கொப்பளிப்பு நீரும் அண்மைக் காலத்தில் ஈரான் முதலிய நாடுகளிற் சிறிய அளவிற் பரிசோதிக்கப்பட்டுள்ளன. வலி குறைதலும் புண் விரைந்து சுருங்குதலும் அவற்றுட் சிலவற்றிற் குறிக்கப்பட்டுள்ளன. இது பழைய மருத்துவரின் அனுபவத்தோடு பொருந்துவதாகும். ஆனால் இருக்கும் புண்ணைத் தணிப்பது வேறு, அடுத்த புண் வாராமல் தடுப்பது வேறு. மேற்பூச்சு முதலாவதையே செய்ய முயல்கின்றது. உள்மருந்து இரண்டாவதைச் செய்யலாம் என்ற நம்பிக்கை, உண்மையான நாகக் குறைபாடு உடையோர் அளவிலேயே ஓரளவு பொருந்தலாம். மருந்தின் பெயர் ஒன்றாக இருப்பதனால் இவ்விரு நோக்கங்களும் ஒன்றெனக் கருதப்பட்டமை, நாகத்தின் வரலாற்றில் நேர்ந்த மற்றொரு மயக்கமாகும்.

நாகம் எவ்வளவு பூசினும் தீங்கற்றது எனக் கொள்வதற்கும் இடமில்லை. 1937இல் இளம்பிள்ளைவாதம் பரவியபோது கனடாவின் ரொறொன்ரோ நகரில் ஏறத்தாழ 5,000 சிறுவரின் மூக்கினுள் நாக சல்பேற்றுக் கரைசல் தெளிக்கப்பட்டது. நோய் தடுக்கப்படவில்லை. சிறுவர் பலர் மணம் அறியும் உணர்வை இழந்தனர். சிலருக்கு அது மீளவேயில்லை. 2009இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் நாகம் கலந்த மூக்கு மருந்துகள் சிலவற்றைப் பற்றி இதே காரணத்துக்காக எச்சரித்தது. நாகத்தை நீண்டகாலம் மிகுதியாக உட்கொள்பவரின் உடலிற் செம்பு குறைந்து இரத்தசோகை ஏற்படுதலும் உண்டு. மறுபுறத்தில், சிறுவரின் வயிற்றோட்டத்துக்கு உப்புச்சர்க்கரைக் கரைசலோடு 10 முதல் 14 நாட்களுக்கு நாகம் கொடுக்குமாறு உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2004இல் விதந்துரைத்தன. இடமும் அளவும் அறிந்து கொடுக்கப்பட்ட நாகம் குழந்தைகளின் உயிரைக் காத்தது. அறியாது தெளிக்கப்பட்ட நாகம் குழந்தைகளின் புலனைக் கெடுத்தது.

சம்மாந்துறைக்கு இவ்வரலாறு கூறுவது

வயலும் வாவியும் சார்ந்த சம்மாந்துறை, கல்முனைப் பகுதிகளில் வெற்றிலை விருந்தோம்பலோடும் உழைப்போடும் கலந்ததொரு வழக்கமாகும். களத்துமேட்டிலும் திருமண வீட்டிலும் வெற்றிலைத் தட்டு இடம்பெறுகின்றது. புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும் பாக்கும் புற்றுநோய் விளைவிப்பன என 2004இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்திற்று. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயே. அதன் தொடக்கம் பலவேளைகளில் வலியற்றதொரு சிறு புண்ணாகும். அப்புண்ணும் பொதுவழக்கில் வாய்ப்புண் என்றே அழைக்கப்படுகின்றது.

எரிச்சல் தந்து இரு கிழமைகளில் ஆறும் புண்ணுக்குச் சீனக்காரமோ நாக மருந்தோ தணிவு தரலாம். மூன்று கிழமைகளாகியும் ஆறாது ஓரிடத்திலேயே நிற்கும் புண்ணுக்கு அவற்றைத் தொடர்ந்து பூசிக்கொண்டிருப்பது காலத்தை இழப்பதாகும். அத்தகைய புண் வைத்தியசாலையிற் காட்டப்பட வேண்டியது. இவ்விரண்டு புண்களுக்கும் இரண்டு பெயர்கள் மக்கள் வழக்கில் இருந்திருப்பின், வலிக்காத புண்ணை அலட்சியம் செய்து பின்னர் வருந்துவோர் தொகை குறைந்திருக்கும் எனலாம்.

இவ்வகையில் நோக்குமிடத்து, ஒரு சிறிய வாய்ப்புண்ணின் வரலாற்றிலே மூன்று மயக்கங்கள் வெளிப்படுகின்றன. நீலமும் வெண்மையுமான இரு உப்புகளைத் துத்தம் என்ற ஒரு பெயர் அடக்கியமை ஒன்று. ஈயத்தையும் துத்தநாகத்தையும் நாகம் என்ற ஒரு பெயர் சுட்டியமை மற்றொன்று. ஆறும் புண்ணையும் ஆறாப் புண்ணையும் வாய்ப்புண் என்ற ஒரு பெயர் மறைத்தமை மூன்றாவது. இம்மூன்றும் மருத்துவரால் மட்டும் தீர்க்கத்தக்கவையல்ல. ஏட்டைப் படித்து, சொல்லின் காலத்தையும் இடத்தையும் பிரித்தறிந்து, பொருளைத் துணியும் பயிற்சி மொழியும் வரலாறும் கற்போருக்கு உரியது. குடும்பங்களில் எஞ்சியிருக்கும் வாகட ஏடுகள் செல்லரித்துப் போகுமுன் அவற்றின் மருந்துப் பெயர்களைத் தொகுத்து, ஒவ்வொரு பெயரும் எந்த மரபில் எந்தப் பொருளைக் குறித்தது என ஒப்பிட்டு எழுதுதல், இப்பிரதேசத்தின் கலைப்பீட மாணவர் மேற்கொள்ளத்தக்க பயனுள்ள பணியாகும். துறைக்கு வந்த சம்பானின் பெயரைத் தன் பெயரிலே தாங்கிநிற்கும் ஊருக்கு, கடல்வழி வந்த மருந்தின் பெயரையும் சரிவர அறிந்துகொள்ளும் கடமை உண்டு.